ரிதம் போடுகிறவள்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அப்படியே ஆபீஸுக்குப் போனேன். துறைமுகத்துக்கு எதிரே உள்ள கிளியரிங் ஏஜென்சி எங்களுடையது. கப்பலில் ஏறும் சரக்குகளுக்குப் பத்திரம் டைப் செய்வது என் வேலை. நெற்றியில் என்னம்மா கரி என்று முதலாளி கேட்டார். வருடா வருடம் கேட்கிறார், வருடா வருடம் சொல்கிறேன்.

இன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் கோயிலில் தனி வாசிப்பு கிடையாது. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம். பாட்டுக்கு முன்னாலோ நடுவிலோ யாரும் கைவரிசை காட்டக் கூடாது. ஆக, லீட் கிதார் வாசிக்கிறவர்களுக்குத்தான் தவக்காலம். என்னைப் போலப் பின்னால் தாளத்துக்கு ரிதம் போடுகிறவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். எங்கள் பாடகர் குழுவில் என் வீட்டுக்காரர் ரொமால்டு லீட், நான் ரிதம். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். அதனால்தான் கல்யாணமே நடந்தது.

அவர் கப்பலில் மோட்டார்மேன், இன்ஜின் அறையில் வேலை. ஈஸ்டருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஈஸ்டர் காலைப் பூசையின் கடைசிப் பாட்டு அவர் போட்ட மெட்டு. நடுவில் எல்லோரும் நிறுத்திவிட, கிதார் மட்டும் தனியாக வரும். அது முடிந்தால்தான் எங்கள் தெருக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பலகாரத்தில் கை வைப்பார்கள்.

பிப்ரவரி 24

போனில் கப்பல்களைக் காட்டும் ஆப் ஒன்று உண்டு. ஆபீஸ் வேலைக்காகப் போட்டது. அதில் அவர் கப்பல் ஒரு பச்சைப் புள்ளி. ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. நங்கூரம் போட்ட கப்பலில் பார்க்க என்ன இருக்கிறது? காலையில் பார்த்தேன், டீ நேரத்தில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன்.

கப்பல் கம்பெனிக்கும் துறைமுகத்துக்கும் ஏதோ தகராறு. மாற்று ஆட்கள் வந்தால்தான் இவர்களை இறக்குவார்களாம். அவர் ஒப்பந்தம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இதெல்லாம் கப்பல் தொழிலில் சகஜம். சகஜம் என்று அவரே சொன்னார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்ததும் குழுத் தலைவர் கஸ்பார் அண்ணன் என்னை நிறுத்தினார். ஈஸ்டருக்கு ரொமால்டு வருவானா என்று நேராகக் கேட்காமல், வெயில், கொசு, மைக் செட் எல்லாம் சுற்றிவிட்டு அங்கே வந்தார். பக்கத்துப் பங்கில் ஒரு கீபோர்டு பையன் இருக்கிறானாம். நல்ல கையாம்.

"அவங்க வந்துருவாங்கண்ணே," என்றேன்.

"வரட்டும்மா. ஸ்பேருக்கு ஒரு ஆளு வேணும்லா?"

கீபோர்டில் அந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். பற்களில் கூச்சம் ஏறியது. ஸ்பேருக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

மார்ச் 1

போன வருட ஈஸ்டர் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் எலெக்ட்ரிக் கிதாரில் வாசித்தது. நான் தொடப் போவது என் மரக் கிதாரை மட்டும்தான். அவர் கிதார் பெட்டி அலமாரிமேல் பூட்டி இருக்கிறது. வந்து அவரே திறக்கட்டும்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அவர் ஓர் உயரச் சுரத்தைப் பிடித்து நாலு தட்டுக்கு நீட்டுகிறார். கோயில் கூரை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது. என் கிதாரில் அதே சுரம் இரண்டாம் தட்டுக்குள் செத்துவிடுகிறது. விரலை ஆட்டிப் பார்த்தேன், நடுங்கிக்கொண்டே செத்தது. பிக் வில்லையால் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டிப் பார்த்தேன், மாண்டலின் கச்சேரி ஆனது. மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருப்பது பெரிய விமர்சனம்.

மார்ச் 5, ஞாயிறு

அடுத்த தொல்லை. அவர் கம்பியை மேலே தள்ளித் தள்ளி, சுரத்தை அழ வைப்பார். எலெக்ட்ரிக்கில் கம்பி மெல்லிசு, சொன்னபடி கேட்கும். என் கிதாரில் மூன்றாம் கம்பியே சுருள் சுற்றிய தடிமன். தள்ளினால் விரல்தான் அழுகிறது. ரிதம் போட்டுப் போட்டு விரல் நுனி காய்த்தவள் நான், அதுவே போதவில்லை.

யோசித்து, தள்ளுவதை விட்டுவிட்டு கிதார் கழுத்தில் இரண்டு கட்டை கீழிருந்து விரலைச் சறுக்கிக்கொண்டு மேலே போனேன். அழவில்லை, ஆனால் பேசுகிறது. நான்காவது தடவை நன்றாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது தடவை வாசித்துக் கெடுத்தேன்.

மார்ச் 8

ஒரே அடியில் இரண்டு மூன்று சுரம் எடுப்பது பழகினேன். வலது கை ஒரு முறை மீட்டும், மிச்சத்தை இடது கை விரல்களே தட்டியும் சுண்டியும் எடுக்கும். அடிக்கடி மீட்டினால் மரக் கிதார் படபடவென்று பேசும், இப்படிச் செய்தால் கொஞ்சம் பாடும். ஆபீஸில் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட் ஃப்ளோரா, "அக்கா, தலை வலிக்கி," என்றாள். ஃபைலை அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மார்ச் 9

வலது கட்டைவிரல் நகம் போச்சு. ஊளி மீன் வெட்டும்போது. பிக் இல்லாமல் விரலால் வாசிக்கலாம் என்று ஆசையாக வளர்த்தது.

மார்ச் 12, ஞாயிறு

அவர் பேசினார். சிக்னல் கிடைக்கும் இடம் கப்பலின் பின்பக்கத்தில் ஒரு மூலைதானாம், வரிசையில் நின்று பேசுகிறார்களாம். இன்று என்ன குழம்பு என்று கேட்டார். சொன்னேன். எப்படி வைத்தாய் என்றார். அதையும் சொன்னேன். தேங்காய் எவ்வளவு, புளி எவ்வளவு, மாங்காய் போட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சமையலறைப் பக்கம் வந்து ஒரு டம்ளர் எடுத்து வைக்காத மனுஷன்.

நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். சோறுதான் என்றார். சோற்றுக்கு என்ன என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றார். எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

ஈஸ்டருக்குள் கையெழுத்தாகிவிடும் என்று ஏஜென்ட் சொன்னானாம். நல்லது. சட்டைகளை எடுத்து வெயிலில் போட வேண்டும்.

மார்ச் 16

வருகிற ஞாயிறு தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு. அன்று ஒரு நாளைக்கு மட்டும் விலக்கு. பீடத்தில் பூ வைக்கலாம், தனி வாசிப்பும் வைக்கலாம். காணிக்கைப் பாட்டுக்கு நடுவில் எட்டு வரி வாசித்துப் பார் என்று கஸ்பார் அண்ணன் சொன்னார். ஸ்பேரைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறாராம், டயர் மாதிரி.

மீட்டும் இடத்தை மாற்றினாலே குரல் மாறுகிறது என்று கண்டுபிடித்தேன். துளைக்கு மேலே மெத்தென்று வருகிறது, கம்பிகள் கட்டியிருக்கும் பாலத்துக்கு அருகே கணீரென்று வருகிறது. இத்தனை வருடம் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். யாரும் என் கையைக் கட்டிப் போடவில்லை.

மார்ச் 19, நான்காம் ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

என் கிதார் உறையில் ஒரு புதுக் கம்பி செட் இருந்தது, போன முறை அவர் வாங்கி வைத்தது. பழைய கம்பியில் துரு. காலையில் எழுந்து காபிகூடக் குடிக்காமல் ஆறு கம்பியும் மாற்றினேன். சுருதி சேர்த்தேன். பளபளவென்று கேட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கோயிலில் இரண்டாம் வரியிலேயே முதல் கம்பி இறங்கிவிட்டது. மூன்றாம் வரியில் இரண்டாவது. நான் சரியான கட்டையில்தான் விரலை வைத்தேன், வந்ததெல்லாம் தப்பு. ஐந்தாம் வரியில் நிறுத்திவிட்டு ரிதமுக்குத் தாவினேன். பாடகிகள் பதறி ஒரு வரி முன்னாலேயே எடுத்தார்கள். முன்பெஞ்சில் ஒரு குழந்தை காதைப் பொத்தியது. அதன் அம்மா அதன் கையை இறக்கிவிட்டாள், அதுதான் இன்னும் மோசம்.

புதுக் கம்பி இழுபடும், அடங்க இரண்டு மூன்று நாளாகும். ரிதம் போடுகிற யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் கிதாருக்குக் கம்பி மாற்றுவது எப்போதும் அவர். வியாழக்கிழமைதான் மாற்றுவார். சுறுசுறுப்பான மனுஷன், முன்கூட்டியே முடித்து வைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 20

தொடவில்லை. போர்வைகள் துவைத்தேன்.

மார்ச் 21

அவர் சட்டைகளையும் துவைத்தேன். துவைத்து வைத்திருந்தவைதான்.

மார்ச் 23

கஸ்பார் அண்ணன் வீட்டுக்கே வந்தார். மாமி காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி அண்ணன் பேசவே இல்லை, அதனால் அதுமட்டும்தான் அறையில் இருந்தது.

"குருத்து ஞாயித்துக்குள்ள சொல்லிரும்மா. நீ வாசிக்கியா, இல்ல அந்தப் பையன வரச் சொல்லவா?"

நான் ஸ்பேர்தானே, அவர் வந்தால் அவர் வாசிப்பார் என்றேன். கஸ்பார் அண்ணன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேர் எல்லாம் வேண்டாம், வாசிக்கிறவர் யாரென்று சொல் என்றார்.

அண்ணன் போனபின் எனக்கு வந்த கோபத்தில் கிதாரை எடுத்து உறையில் போட்டேன். இருப்புக்கொள்ளாமல் வெளியே எடுத்தேன். எல்லோரும் என்னைப் புருஷனுக்காகக் காத்திருக்கும் பெரிய விரதக்காரி என்று நினைக்கிறார்கள். விஷயம் சின்னது. வாசிக்கிறேன் என்று நான் சொன்னால், அவர் வரவில்லை என்று நானே முடிவுகட்டின மாதிரி. கீபோர்டு பையன் என்று சொன்னாலும் அதேதான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மட்டும்தான் அவர் வருகிறார்.

மார்ச் 27

புள்ளி நகரவில்லை.

சாயங்காலம் வாசித்தேன். கம்பிகள் இப்போது அடங்கிவிட்டன, நான்தான் அடங்கவில்லை. அந்த நீளச் சுரம் வந்தது, வழக்கம்போலச் செத்தது. அது செத்தபின் வருகிற வெறுமை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் வாசிக்கும்போது அந்த இடத்தில் பின்னால் நான் இருப்பேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

அப்போது என் கட்டைவிரல் தானாகப் போய் அடிக்கம்பியைத் தட்டியது. பழக்க தோஷம். தட்டிய பிறகுதான் கவனித்தேன். மறுபடி தட்டினேன், வேண்டுமென்றே. கட்டைவிரல் கீழே ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி என்று மாறி மாறி நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுத்தன. இரண்டு கட்டை மேலே கேப்போ கிளிப்பை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே மாட்டினேன். விரல் அழுத்தாத கம்பிகளும் சேர்ந்து முழங்கின. முதலில் இரண்டு கையும் சண்டை போட்டன. கட்டைவிரல் நின்றால் மெட்டு போகும், மெட்டு போனால் கட்டைவிரல் நிற்கும். ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கரண்டியுமாக நிற்கிறவளின் நிலைமை. ஆனால் நாலு வரி வந்தது. மாமி மிக்ஸியை நிறுத்திவிட்டார்.

மார்ச் 29

சோறு பொங்கும்போது, படி ஏறும்போது, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எல்லா நேரமும் கட்டைவிரல் நடக்கிறது. அதற்கு இப்போது என் அனுமதி தேவையில்லை. நீளச் சுரத்தின் சிக்கல் தீர்ந்துவிட்டது. சுரம் செத்துத்தான் போகிறது. கீழே நடை நிற்காததால், செத்ததைக் காது கவனிப்பதில்லை.

இரண்டு இடத்தில் ஒற்றைச் சுரத்தை விட்டுவிட்டு இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்தேன். அவர் வாசிப்பில் அது கிடையாது. வந்து திட்டட்டும்.

ஏப்ரல் 1

அவர் பேசினார். தொண்டை கட்டியிருந்தது. தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறார்களாம், வாய் தவறிச் சொல்லிவிட்டு உடனே, அது பொதுவா எல்லாக் கப்பல்லயும் என்றார். பிறகு, ஈஸ்டருக்குள்ள எப்படியும், என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது.

"ஏங்க, வரலன்னு சொல்லிருங்க."

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓசை மட்டும்.

"வரலன்னு நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"வரல, ஜொவி," என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப யாரு வாசிப்பா?" என்றார்.

எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். யாராவது வாசிப்பாங்க என்றேன். கீபோர்டு பையனா என்றார். தெரியாது என்றேன். நல்ல வாயாடிதான் நான், நல்ல நேரத்தில் ஒரு வார்த்தை வராது.

திரும்பினால் மாமி. வெயிலில் போட்டிருந்த சட்டைகளைக் கொண்டு வந்து மடித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் வைக்கவில்லை. அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து அதில் வைத்தார். இருவரும் மற்றவர் அழுவதைப் பார்க்காதபடி திரும்பி நின்றுகொண்டோம். சின்ன வீடு, திரும்ப இடமில்லை, பார்த்துவிட்டோம்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

கஸ்பார் அண்ணனிடம் நான் வாசிக்கிறேன் என்றேன். கீபோர்டு வேண்டாம், வேறு ரிதமும் வேண்டாம், அந்த இடத்தில் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். ரிதம் இல்லாமல் எப்படி என்றார். கையில் குருத்தோலை வைத்திருந்தேன், அதைக் கிதாராக வைத்து வாசித்துக் காட்டினேன். ஒன்றும் புரிந்திருக்காது. தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

இன்று எந்த வாத்தியமும் இல்லை. மணிகூட அடிக்க மாட்டார்கள், அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். வீட்டிலும் தொடுவதில்லை என்பது மாமியின் சட்டம். விரதம், கோயிலுக்கு நடை, சிலுவையை முத்தி செய்வது, சிலுவைப் பாதை எல்லாம் முடிந்தும் பாதி நாள் மிச்சம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து இடது கையை மட்டும் கம்பியில் வைத்து, மீட்டாமல், கட்டை கட்டையாக நகர்த்திப் பார்த்தேன். விரல் தட்டும் இடத்தில் கொசு பாடுகிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது.

"அதுவும் வாசிப்புதாம்ட்டி," என்றார் மாமி கண்ணைத் திறக்காமல்.

எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சறுக்குத இடம் இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றார்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

முடிந்தது.

கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். கோயிலில் இவ்வளவு மின்விசிறிகள் ஓடுகின்றன என்று எனக்கு இன்றுதான் தெரியும். மைக்கைக் கிதார் துளைக்கு நேராக வைத்துக்கொண்டேன். முதலில் கட்டைவிரலை மட்டும் நடக்கவிட்டேன், யாரோ தெருமுனையில் வருகிற மாதிரி. பிறகு மெட்டு.

இரண்டாம் வரியில் ஒரு சுரம் தவறியது. கட்டைவிரல் நிற்காததால் தப்பித்தேன். சறுக்குகிற இடத்தில் மெதுவாகவே போனேன். நீளச் சுரத்தைப் பாலத்துக்குப் பக்கத்தில் கணீரென்று எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். செத்தது. கீழே நடை போய்க்கொண்டிருந்தது. முன்பெஞ்சில் மாமி, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கைகொடுத்தவர்களில் பாதிப் பேர், ரொமால்டு எப்பம் வாரான் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்று சொன்னேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஃப்ளோரா பதிவு செய்திருந்தாள். வாங்கி அவருக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதாமல். போய்ச் சேரவில்லை, ஒரு டிக்.

ஏப்ரல் 10

ஒரு டிக். மக்ரூன் மிச்சம் கிடக்கிறது, யாருக்கும் இறங்கவில்லை.

ஏப்ரல் 11

ஒரு டிக். பச்சைப் புள்ளி அங்கேயே.

ஏப்ரல் 12

ஆபீஸில் இருக்கும்போது கூப்பிட்டார். எழுந்து வெளியே ஓடினேன். லாரிகளுக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். வணக்கம், சுகம் எதுவும் இல்லை.

"கேட்டேன். ரிதம் நீதான். அந்தக் கை எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு இழுத்தார். "லீட் யாரு?"

அவர் குரலில் இருந்தது என்ன என்று உடனே புரிந்தது. ஒன்றாம் தேதி நான் கொடுத்த பதிலை இத்தனை நாளும் அந்தக் கப்பலில் வைத்துக் கிளறிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் இடத்தில் எவனோ ஒருவன் நிற்கிறான், பின்னால் நான் ரிதம் போடுகிறேன் என்று.

"நாந்தாங்க."

"ஏளா, விளையாடாத. அப்ப ரிதம் யாரு?"

"அதும் நாந்தான்."

லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு அடுத்து வரிசையில் நிற்கிற யாரோ இருமினார்கள்.

"ரெண்டுமே நீன்னா," என்றார், "நான் வந்து என்னத்த வாசிக்க?"

"ரிதம் போடுங்க," என்றேன். "நான் போடலியா, இத்தன வருசம்?"

சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. வாயைத் திறந்து அந்தப் பாட்டை முனகினேன், லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. நீளச் சுரம் வந்தபோது மூச்சு போதவில்லை. அந்தப் பக்கம் அவர் விரலால் எதையோ தட்ட ஆரம்பித்தார், கப்பலின் இரும்புக் கைப்பிடியாக இருக்கும். நாலு நாலாக, நிற்காமல், சிக்னல் போகும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.